பெட்டியின் மேல் எழுதாத எண்

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது "எத்தனை வாட்ஸ்?" என்றுதான். கேள்விக்கு முன்பே பதில் தயாராக இருக்கும். அட்டைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் 4000 என்று போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘பிஎம்பிஓ’ என்று அச்சடித்திருப்பார்கள். இந்த நான்கெழுத்துக்கு இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எந்தத் தர அமைப்பும் இலக்கணம் வகுத்ததில்லை. தயாரிப்பவர் மனம்போல் எதையும் போட்டுக்கொள்ளலாம். 4000 வாட்ஸ் என்றால் இரண்டு கீசர்கள் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம். டிவிக்குப் பக்கத்தில் இருக்கும் 6 ஆம்பியர் சாக்கெட்டோ 1400 வாட்ஸைக்கூடத் தாங்காது. அந்த சாக்கெட்டில் மாட்டிய பெட்டியிலிருந்து 4000 வாட்ஸ் வருவதாக நம்புகிறவர், வாங்கிய பிறகாவது பெட்டியின் முதுகைத் திருப்பிப் பார்க்கலாம். எவ்வளவு மின்சாரம் எடுத்துக்கொள்ளும் என்ற உண்மைக் கணக்கு பெரும்பாலும் அங்கேதான் சின்னதாக ஒட்டப்பட்டிருக்கும்.

அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயரில் இந்தக் கணக்கு இன்னும் வெளிப்படையானது. சென்னை ரிச்சி தெருவில் போர்டு, டிரான்ஸ்பார்மர், ஹீட் சிங்க், கேபினெட் என்று தனித்தனியாக வாங்கிப் பூட்டும் 5.1 செட்டை எடுத்துக்கொள்வோம். உள்ளே இருப்பது 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மர் என்று வையுங்கள். 24 வோல்ட்டை 5 ஆம்பியரால் பெருக்கினால் 120. அவ்வளவுதான் அந்த வீட்டின் மொத்த வருமானம். ஏசியை டிசியாக மாற்றினால் நேர், எதிர் இரு பக்கமும் 16 வோல்ட் அளவில் நிற்கும். அந்த வோல்டேஜில் பரவலாகப் புழங்கும் டிடிஏ 2030ஏ போன்ற ஒரு ஐசி, 8 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகத் தரக்கூடியது 12 வாட்ஸ் அளவு. ஐந்து சேனலுக்கும் சேர்த்து 60. மிச்சத்தில் பெரும்பகுதி ஹீட் சிங்க்கில் வெப்பமாகப் போய்ச் சேரும். முன்பக்கம் என்ன ஸ்டிக்கர் ஒட்டினாலும் இந்தக் கணக்கு மாறாது.

கம்பெனி ஏவி ரிசீவர் என்றால் இந்த வேடிக்கை இல்லை என்று நினைக்க வேண்டாம்; அங்கே அது நாகரிகமாக நடக்கும். அமெரிக்காவில் ஸ்டீரியோ விற்பனையாளர்கள் வாட்ஸை இஷ்டத்துக்கு ஊதிப் பெருக்கியதால்தான் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் ஆம்ப்ளிஃபயர்களுக்கென்றே ஒரு விதி கொண்டுவந்தது. பல சேனல் கருவிகள் வந்தபின் அதிலும் சந்துபொந்துகள் முளைத்தன. 2024-ல் அந்த விதியைத் திருத்தி, அளக்கும் நிபந்தனைகளை இறுக்கினார்கள். நம் கடைகளில் கிடைக்கும் ஆரம்ப விலை ரிசீவரின் கையேட்டைப் புரட்டினால் இரண்டு வரிகள் தென்படும். ஒரு வரியில் ‘6 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீத டிஸ்டார்ஷன், ஒரு சேனல்’ என்ற நிபந்தனைகளோடு 130, 150 என்று இருக்கும். இன்னொரு வரியில் ‘8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், இரண்டு சேனல்’ என்று போட்டு 70 அல்லது 80 இருக்கும். பத்து சதவீதம் சிதைந்த ஒலி காதுக்கே தெரியும் கரகரப்பு. அதுவும் மற்ற நான்கு சேனல்களைப் பட்டினி போட்டு, ஒன்றுக்கு மட்டும் ஊட்டிப் பெற்ற எண் அது. நம்ப வேண்டியது இரண்டாவது வரியை.

அந்த 70 வாட்ஸ் போதுமா என்பதற்குப் பதில் ஆம்ப்ளிஃபயரில் இல்லை, ஸ்பீக்கரில் இருக்கிறது. பெட்டியின் மேல் யாரும் கொட்டை எழுத்தில் போடாத ‘சென்சிட்டிவிட்டி’ என்ற எண் அது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் கேட்கிறது என்பதே இதன் பொருள். வீட்டு ஸ்பீக்கர்களில் சாதாரணமாக 84 முதல் 90 வரை இருக்கும். ஆறு எண்கள்தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் டெசிபெல் கூட்டலில் ஏறினால் வாட்ஸ் பெருக்கலில் ஏறும். 3 டெசிபெல் கூட்ட வாட்ஸை இரட்டிப்பாக்க வேண்டும். 10 டெசிபெல் கூட்டப் பத்து மடங்கு வேண்டும். அந்தப் பத்து மடங்குக்கும் நம் காது ‘சத்தம் இரண்டு பங்கானது’ என்றுதான் சொல்லும். 84 ஸ்பீக்கருக்கு 80 வாட்ஸ் தந்து பெறும் சத்தத்தை, 90 ஸ்பீக்கர் 20 வாட்ஸில் தந்துவிடும். 80 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயருக்குப் பதிலாகக் கூடுதல் பணம் கொடுத்து 100 வாட்ஸ் வாங்கினால் கிடைக்கும் லாபம் வெறும் ஒரு டெசிபெல். காதில் விழுந்ததா இல்லையா என்றே சந்தேகம் வரும்.

மைக் செட் போடுகிறவர்களுக்கு இது பாடப்புத்தகம் இல்லாமலே தெரியும். ஆடி மாதக் கோயில் விழாவில் வேப்பமரத்தில் கட்டிய புனல் ஸ்பீக்கரின் யூனிட் 30, 40 வாட்ஸ்தான். ஆனால் பாட்டு அடுத்த ஊர் எல்லையைத் தொடும். புனலின் வாய் விரிந்து விரிந்து காற்றை முழுதாகப் பற்றிக்கொள்வதால் ஒரு வாட்டுக்கே 100 டெசிபெலைத் தாண்டிவிடுகிறது. வீட்டு ஸ்பீக்கரின் காகிதக் கூம்போ, கொடுக்கும் மின்சாரத்தில் ஒரு சதவீதத்தைக்கூட ஒலியாக்குவதில்லை. மற்றதெல்லாம் காயிலின் சூடு. இனிமை வேண்டும், பெட்டியும் சிறிதாக இருக்க வேண்டும் என்றால் அதற்குக் கொடுக்கும் விலை இது. இன்றைக்கும் நாம் பயன்படுத்தும் காகிதக் கூம்பு, காயில் வகை ஸ்பீக்கரை 1925-ல் ரைஸ், கெல்லாக் என்ற இரண்டு அமெரிக்கப் பொறியாளர்கள் உருவாக்கினார்கள். மறு ஆண்டே அது விற்பனைக்கு வந்தபோது, உள்ளேயே ஓர் ஆம்ப்ளிஃபயரும் வைத்து விற்றார்கள். அதன் திறன் ஒரே ஒரு வாட்!

இனி நம் கூடத்துக்கு வருவோம். 87 டெசிபெல் ஸ்பீக்கர். சோபா 3 மீட்டர் தள்ளி இருக்கிறது. வெட்டவெளியாக இருந்தால் அந்தத் தூரத்துக்கு 9, 10 டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பி அனுப்புவதில் கொஞ்சம் மீளும். ஆக, ஒரு வாட்டுக்கு சோபாவில் ஏறத்தாழ 80 டெசிபெல். இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது 60 அளவில் இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரே வாட்டில் எவ்வளவு சத்தம் என்பது புரியும். இரவில் படம் பார்க்க சராசரியாக 70 போதும் என்றால் ஓடுவது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் எப்படி, குண்டு வெடிக்கும் காட்சியில் என்ன ஆகும்? சரிதான். படத்தின் ஒலி சராசரிக்கு மேல் 20 டெசிபெல் வரை கணப்பொழுது பாயும்; அந்தப் பாய்ச்சலுக்கு நூறு மடங்கு வாட்ஸ் வேண்டும். சராசரி 70 என்றால் உச்சம் 90; அதற்கு 10 வாட்ஸ். மேலே பார்த்த அசெம்பிள் செட்டின் 12 வாட்ஸே ஈடுகொடுத்துவிடும். கொஞ்சம் தாராளமாகச் சராசரி 75 என்று வைத்தால் உச்சத்துக்கு 32 வாட்ஸ்; ஆரம்ப விலை ரிசீவருக்கு அது சுமையே இல்லை. திரையரங்கின் தர அளவுப்படி சராசரி 85, உச்சம் 105 தான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால் மட்டும் கணக்கு 300 வாட்ஸைத் தாண்டும். அந்த ஆசையை எந்த மலிவு ஆம்ப்ளிஃபயரும் நிறைவேற்றாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அப்போதும் விடை பெரிய ஆம்ப்ளிஃபயரில் இல்லை. 93 டெசிபெல் ஸ்பீக்கர் கிடைத்தால் அதே உச்சம் 80 வாட்ஸுக்கு இறங்கி வந்துவிடும்.

ஓம்ஸ் விஷயத்தில்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் 6 சொச்சம் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். மீட்டர் அளப்பது காயில் கம்பியின் தடையை மட்டும். ஒலி ஓடும்போது ஸ்பீக்கரின் இம்பிடன்ஸ் ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும். ஓரிடத்தில் 30 ஓமுக்கு எகிறும், இன்னோரிடத்தில் தாழும். 8 என்று எழுதினால் எங்கேயும் 6.4-க்குக் கீழே போகக்கூடாது என்பது சர்வதேசத் தர விதி. அதை எல்லாத் தயாரிப்பாளர்களும் மதிப்பதில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டில் கிடக்கும் பழைய ஜோடியையும் அதே டெர்மினலில் சேர்த்து முறுக்கிவிடும்போது 8-ம் 8-ம் பேரலலில் 4 ஆகிவிடுகிறது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து கரண்ட் இரட்டிப்பாக ஓடும். ‘4 ஓமில் பவர் கூடுமே, நல்லதுதானே’ என்பார்கள். கூடும், மறுப்பதற்கில்லை. கூடவே ஐசியிலும் டிரான்சிஸ்டரிலும் தங்கும் சூடும் இரு மடங்காகும். சித்திரை வெயிலில், கதவு மூடிய டிவி ஸ்டாண்டுக்குள், மேலே செட்டாப் பாக்ஸைச் சுமந்துகொண்டு இருக்கும் கருவிக்கு அந்தச் சூடு எமன். இன்னொரு சூட்சுமம்: சில தயாரிப்பாளர்கள் சென்சிட்டிவிட்டியை ஒரு வாட்டுக்குச் சொல்லாமல் 2.83 வோல்ட்டுக்குச் சொல்வார்கள். 8 ஓமில் இரண்டும் ஒன்றுதான். 4 ஓமில் அதே வோல்ட் இரண்டு வாட்ஸாகிவிடும். அங்கே 90 என்று போட்டிருந்தால் 87 என்று படிக்க வேண்டும்.

சின்ன ஆம்ப்ளிஃபயர் போட்டால் ட்வீட்டர் எரிந்துவிடும், ஆகவே ஸ்பீக்கரின் வாட்ஸைப் போல இரண்டு மடங்கு ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்ற வேதவாக்கு ஒன்றும் உலவுகிறது. இதில் பாதி உண்மை. ஆம்ப்ளிஃபயரைச் சக்திக்கு மீறித் திருகினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகும், இதுதான் கிளிப்பிங். தட்டையான அலை, அதே உயரமுள்ள வளைந்த அலையைவிட இரண்டு மடங்கு வரை சக்தி சுமக்கும். அதில் புதிதாகப் பிறக்கும் உச்ச அதிர்வுகள் ட்வீட்டரின் தலையில் விழும். முடி போன்ற அந்தக் காயில் சில வாட்ஸுக்கு மேல் தொடர்ந்து தாங்காது. ஆனால் அதை எரித்தது ஆம்ப்ளிஃபயரின் சிறுமையா, வால்யூமைத் திருகிய கையா? கரகரப்பு கேட்ட மாத்திரத்தில் குறைக்கத் தெரிந்தவருக்கு 20 வாட்ஸும் ஆபத்தில்லை; தெரியாதவருக்கு 200 வாட்ஸ் ஆம்ப்ளிஃபயர் கிளிப் ஆகாமலே வூஃபரைக் கிழித்துக் கொடுக்கும்.

அப்படியானால் பட்ஜெட்டில் பணம் எங்கே போக வேண்டும்? 1987-ல் அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை மலிவு ரிசீவர் முதல் பல மடங்கு விலையுள்ள ஆம்ப்ளிஃபயர்கள் வரை வரிசையாக வைத்து, எது பாடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைத்தது. கேட்டவர்களால் நம்பும்படி பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்பீக்கர் கதை இதற்கு நேர்மாறு. கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கழகத்திலும் பின்னர் ஹார்மன் நிறுவனத்திலும் பல ஆண்டுகள் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்துச் சோதித்த ஃப்ளாய்ட் டூல், நேர் எதிரே மேடுபள்ளம் இல்லாமலும் பக்கவாட்டில் சீராகவும் ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று காட்டினார். திரையை விலக்கிப் பெயரையும் உருவத்தையும் காட்டினால் மதிப்பெண் மாறிவிடும் என்பது அவரும் சக ஆய்வாளர்களும் கண்ட இன்னொரு சங்கடம். ஆகவே முன்னே வரும் மூன்று ஸ்பீக்கர்களையும் ஒரே வரிசையில், சென்சிட்டிவிட்டி பார்த்து வாங்குவதே முதல் செலவு. வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து வருவதால் அதில் கஞ்சத்தனம் கூடாது. அடுத்தது, சொந்த ஆம்ப்ளிஃபயரோடு வரும் சப்வூஃபர். அதே சத்தத்தை 80 ஹெர்ட்ஸிலிருந்து 40-க்கு இறக்கினால் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் ஆட வேண்டும். இந்தப் பாரத்தைச் சப்வூஃபரிடம் தள்ளிவிட்டு, ரிசீவரின் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று போட்டு, கிராஸ்ஓவரை 80-ல் வைத்தால் சின்ன ஸ்பீக்கர்களும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் நிம்மதியாக மூச்சுவிடும். வயருக்குத் தனிச் செலவு தேவையில்லை. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியைப் பத்து மீட்டர் இழுத்தாலும் இழப்பு கால் டெசிபெல்தான். பெட்டியோடு தரும் நூல் போன்ற வயரில் அதே தூரத்துக்கு ஒன்றரை டெசிபெல் போய்விடும்.

எல்லாம் பொருந்தியும் பேஸ் சரியில்லை என்றால் குற்றவாளி அறை. 12 அடி நீள அறையில் 48 ஹெர்ட்ஸ் அலை இரு சுவர்களுக்கிடையே ஊஞ்சல் கட்டிக்கொள்ளும். சுவரோரம் அதிரும், நட்டநடுவில் உட்கார்ந்தவருக்கு ஒன்றும் கேட்காது. அங்கே வாட்ஸை இரட்டித்துப் பயனில்லை. சப்வூஃபரைத் தூக்கிச் சோபாவில் நாம் உட்காரும் இடத்தில் வைத்து, பேஸ் நிறைந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய் எந்த மூலையில் சீராகக் கேட்கிறது என்று பாருங்கள். அந்த மூலைதான் சப்வூஃபருக்கு உரிய இடம். வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துத் தவழ்வது நல்லது.