திவசம் முடிந்தவர் பெயரில் ஒரு கோயில் வயல்

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளையில், முரசுமோட்டைப் பக்கம், இரணைமடுத் தண்ணீர் பாயும் ஒரு வயல் கோயிலுக்குரியது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் யாரைக் கேட்டாலும் "அது பிள்ளையாரின்ர வயல்" என்பார்கள். காணிப் பதிவகத்தில் கேட்டால் பிள்ளையார் இருக்கமாட்டார். அங்கே இருப்பது ஒரு மனிதரின் பெயர். பல இடங்களில் அவர் பல திவசம் கண்டவர்.

இந்தியச் சட்டம் தெய்வத்தையே ஓர் ஆளாக ஏற்கிறது. கோயில் நிலத்துக்கு உரிமையாளர் தெய்வம்தான், பூசகர் அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 செப்டெம்பரில் மறுபடி உறுதிப்படுத்தியது. இலங்கையில் வழி வேறு. நாடாளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட சபைகளை விட்டுவிட்டால், இங்கே கோயில் சொத்து பெரும்பாலும் 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. அது ஒரே காணியை இரண்டாகப் பிரிக்கிறது: பெயர் பொறுப்பாளரிடம், பலன் கோயிலிடம். நம் முன்னோர் எழுதிவைத்த தருமசாதன உறுதிகளின் உள்ளடக்கமும் இதுதான். வயலின் ஒரு பிடி நெல்லும் பெயர் உள்ளவருக்குச் சொந்தமில்லை.

அழகான ஏற்பாடுதான், பெயர் உள்ளவர் சாகும்வரை.

இந்தச் சிக்கலில் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தும் மாட்டிக்கொண்டது. அரச திருச்சபையில் சேராத சிறு சபைகள் தம் ஆலய நிலத்தைச் சில அடியார்களின் பெயரில் வாங்கின. அவர்கள் ஒவ்வொருவராகக் காலமாக, கடைசியாக எஞ்சியவரின் பெயரில் நிலம் தங்கியது. அவரும் போய்விட்டால் அவருடைய வாரிசைத் தேடிப்பிடித்துக் கையெழுத்து வாங்கவேண்டும். வாரிசு கடல் கடந்திருந்தால்? கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் பேரனைத் தேடும் நம் சபைகளுக்கு இந்தத் தலையிடி புரியும். சாமுவேல் மோர்ட்டன் பீற்றோ என்ற கட்டட ஒப்பந்தகாரர், தாமும் அத்தகைய பப்ரிஸ்ட் சபையொன்றைச் சேர்ந்தவர், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து 1850இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அதன்படி, கூட்டம் கூடிப் புதியவரைத் தெரிவுசெய்து, அதை முறைப்படி எழுதிக் கையொப்பமிட்டால், நிலம் தானாகவே புதியவர் கைக்குப் போகும். இலண்டனில் நெல்சன் தூணைக் கட்டியது பீற்றோவின் நிறுவனம்தான். எனக்கென்னவோ இந்தச் சிறு சட்டமே அதைவிட உறுதியான கட்டடமாகத் தெரிகிறது.

நம் சட்டத்திலும் இதற்கு இணையான வழி உண்டு. ஒரு பதவியின் பேரில் பொறுப்பாளராக இருப்பவர் மாறினால், தனி உறுதி எழுதாமலே சொத்துரிமை அடுத்தவரைச் சேரும். ஆனால் சட்டத்துக்குத் தெரிந்தது பதிவேட்டுக்குத் தெரியாது. அது யாராவது சொன்னால்தான் அறியும்.

அந்தப் பதிவேடு எப்படி இயங்குகிறது என்பதுதான் சுவாரசியம். 1927ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு காணித் துண்டுக்கும் ஒரு பக்கம். அக்காணியைத் தொட்ட ஒவ்வோர் உறுதியும் அதே பக்கத்தில் ஏறவேண்டும்; பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்தின் எண்ணைக் காட்டிவிட்டு அங்கே தொடரும். வேறு பக்கத்தில் ஏற்றிவிட்டால், பதிந்தும் பதியாத கதைதான். பழைய பெயரே நிற்கும் பக்கத்தைப் பார்த்து, தருமசாதனம் பற்றி அறியாத ஒருவர் வாரிசிடம் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கிவிட்டால், கோயிலின் பாடு திண்டாட்டம்.

2009 போரில் பொதி சுமந்து ஓடியபோது உறுதியைத் தொலைத்த வன்னிக்காரர்களுக்கு இதே பதிவகத்தில் ஓர் ஆறுதலும் உண்டு. காணி உறுதி நொத்தாரிசின் முன் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படுகிறது; மூலம் உரியவரிடம், ஒரு பிரதி நொத்தாரிசிடம், இன்னொன்று காணிப் பதிவகத்துக்கு. வீட்டிலிருந்தது போனாலும் மற்ற இரண்டையும் தேடலாம்.

கண்டாவளையில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி கொடுத்த பேர்மிற் காணிகள். அத்தகைய காணியை வைத்திருப்பவர் அனுமதியின்றிக் கோயிலுக்கு எழுதிக்கொடுத்தால் அந்த எழுத்து செல்லாது. அங்கே பொறுப்பாளர் மாற்றம் பற்றிப் பேசுமுன் பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் புதிய பரிபாலன சபைக்கு மாலை போட்ட கையோடு, கோயில் காணியின் பதிவுப் பக்கத்தின் பிரதி ஒன்றையும் எடுத்துப் பாருங்கள்.