ஜெயிச்சு வாங்கின கார்டு: முத்திரைக்கு எவ்வளவு மதிப்பு, வரி எவ்வளவு?

ஓசூர் சிப்காட்ல வேலை பார்க்கிற தம்பி ஒருத்தர், வார ஆஃப் கிடைச்சா போதும், அத்திப்பள்ளி தாண்டி பெங்களூருக்குப் பஸ் ஏறிடுவார். சினிமாவுக்கோ மாலுக்கோ இல்ல, போக்கிமான் கார்டு போட்டி ஆடுறதுக்கு. ஒருநாள் ஜெயிச்சு வாங்கின கார்டைக் காட்டினார். சாதாரண கார்டுதான், ஆனா படத்து மேல சின்னதா ஒரு பளபள முத்திரை.

"அண்ணா, இதே மாதிரி முத்திரை போட்ட வேற ஒரு கார்டு ஆன்லைன்ல 28,000 ரூபாய்க்கு வருது. இஎம்ஐ போட்டு வாங்கி வெச்சா ரெண்டு வருஷத்துல டபுள் ஆகும்னு சொல்றாங்க. வாங்கலாமா?"

கார்டு ஆடாதவங்களுக்காக முதல்ல இது என்னன்னு சொல்லிடறேன். கடையில பாக்கெட்டில் கிடைக்கிற அதே கார்டு, அதே படம், ஆட்டத்தில் அதே பலம். கூடுதலா ஒரு முத்திரை மட்டும் இருக்கும். புது செட் கடைக்கு வர்றதுக்கு முன்னாடி நடக்கிற ஆட்டங்களில் 'ப்ரீரிலீஸ்', போட்டி நடத்த உதவினவங்களுக்கு 'ஸ்டாஃப்', ஒன் பீஸ் கார்டு ஆட்டத்தில் ஜெயிச்சவங்களுக்கு 'வின்னர்'. போக்கிமான்ல 2022-லிருந்து 'ப்ளே போக்கிமான்' முத்திரை போட்ட பரிசு பாக்கெட்டுகள் கடைப் போட்டிகள் வழியா வருது.

இப்ப விலைக்கு வருவோம். எல்லாரும் உதாரணம் சொல்றது பிகாச்சு இல்லஸ்ட்ரேட்டர் கார்டு. 1997-98-ல் ஜப்பானில் ஒரு பத்திரிகை நடத்தின ஓவியப் போட்டிகளில் பரிசா 39 பேருக்குக் கொடுத்தது. லோகன் பால் என்கிற யூடியூபர் ஒரு பிரதியை 52.75 லட்சம் டாலருக்கு வாங்கி, 2022-ல் கின்னஸ் சாதனையில் இடம் பிடிச்சார். 1997-ல் ஜப்பானில் நடந்த போட்டியில் முதல் மூணு இடத்துக்குக் கொடுத்த 'நம்பர் 1, 2, 3 ட்ரெய்னர்' கார்டுகளுக்கும் இதே கிராக்கிதான்.

ஆனா கவனிங்க, அங்க விலை ஏறினது முத்திரையால இல்ல. எத்தனை பேர் கைக்குப் போச்சுன்னு கிட்டத்தட்ட தெரியும், அதுக்கு மேல புதுசா வரப்போறதில்ல. அதனாலதான் அந்த விலை. இன்னிக்குப் பல நாட்டுக் கடைகளுக்குப் போற பரிசு பாக்கெட்டு கார்டு அந்த ரகம் கிடையாது. ரெண்டு கார்டும் 'பரிசு கார்டு'தான், ஆனா நம்ம ஊர் பஸ் டிக்கெட்டையும் விமான டிக்கெட்டையும் 'டிக்கெட்'னு ஒரே பேர்ல சொல்ற மாதிரிதான் அது.

இன்னொரு ஆபத்து, போலி முத்திரை. ஃபாயில் அச்சு போடுற வசதி இருந்தா சாதாரண கார்டு மேலயும் முத்திரை அடிக்கலாம். கார்டு அசல், முத்திரை மட்டும் போலி! ஃபோட்டோ பார்த்து இதைக் கண்டுபிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். பிஎஸ்ஏ மாதிரி தர நிர்ணய நிறுவனம் சீல் பண்ணின கார்டா இருந்தாலும், மேல இருக்கிற எண்ணை அவங்க தளத்தில் போட்டுப் பார்க்காம காசு அனுப்பாதீங்க.

அப்புறம் வட்டி. கிரெடிட் கார்டு பாக்கியைக் கட்டாம விட்டா வருஷத்துக்கு 36 முதல் 42 சதவீதம் ஆகும். இஎம்ஐ-யில் வட்டி குறைவா இருந்தாலும் பிராசஸிங் கட்டணமும் அதுக்கு ஜிஎஸ்டியும் சேரும். விற்கும்போது விலைப்பட்டியலில் இருக்கிற விலை உங்களுக்குக் கிடைக்காது. வாங்கறவர் ஒருத்தர், அவரும் பேரம் பேசுவார்.

சரி, யாரும் பேசாத விஷயத்துக்கு வர்றேன். ஜெயிச்ச பரிசுக்கு வரி உண்டா?

உண்டு. 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிபி பிரிவில் லாட்டரி, குறுக்கெழுத்துப் போட்டி, குதிரைப் பந்தயத்தோட சேர்த்து 'சீட்டாட்டம், எந்த வகை விளையாட்டும்' என்றும் இருந்தது. நேரா 30%, அதுக்கு மேல 4% செஸ், ஆக 31.2%. 2025 புதுச் சட்டத்தில் பிரிவு எண்தான் மாறியிருக்கு, விகிதம் அதேதான்.

பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினா போட்டி நடத்தறவரே டிடிஎஸ் பிடிக்கணும். பரிசு பணமா இல்லாம பொருளா இருந்தா, வரி கட்டின பிறகுதான் அதைக் கையில கொடுக்கணும். உதாரணமா 50,000 ரூபாய் பரிசுன்னா 15,000 டிடிஎஸ். செஸ் 600 ரூபாயை ரிட்டர்ன் போடும்போது நீங்க கட்டணும். 10,000-க்குள்ள இருந்தா டிடிஎஸ் மட்டும்தான் கிடையாது, வரி இருக்கு.

"எனக்கு சம்பளம் 9 லட்சம், புது ரெஜிம்ல வரியே இல்லையே?" இங்கதான் நிறைய பேர் மாட்டுறாங்க. 12 லட்சம் வரைக்கும் கிடைக்கிற அந்தத் தள்ளுபடி, இந்த மாதிரி தனி விகித வருமானத்துக்குக் கிடையாது. சம்பளத்துக்கு வரி பூஜ்யம், பரிசுக்கு 31.2%. போட்டிக் கட்டணம், பஸ் காசு, கார்டு வாங்கின செலவு எதையும் பரிசிலிருந்து கழிக்கவும் முடியாது. ஒருத்தர் ஆறு மாசம் 8,000 செலவு பண்ணி 12,000 பரிசு வாங்கினாலும், வரி முழு 12,000-க்குத்தான். எனக்கு இது நியாயமாப் படல, ஆனா சட்டம் இப்படித்தான் இருக்கு.

ரிட்டர்ன்ல ஒண்ணு மறந்துடாதீங்க. இந்த வருமானம் இருந்தா நீங்க வழக்கமா போடுற ஐடிஆர்-1 சரிவராது, ஐடிஆர்-2 போடணும். டிடிஎஸ் பிடிச்ச விவரம் துறைக்கிட்ட ஏற்கனவே இருக்கும். ரிட்டர்ன்ல நீங்க காட்டலைன்னா நோட்டீஸ் வரும்.

நம்ம தம்பி அந்த 28,000 கார்டை வாங்கல. கையில இருக்கிற கார்டை விற்கவும் இல்ல. "இது நான் ஜெயிச்சது அண்ணா" னு சொல்லி ஸ்லீவ்ல போட்டு வெச்சிருக்கார். இஎம்ஐ கட்டியிருக்க வேண்டிய தொகையை, முதல் வேலையா அவசரகால நிதிக்கு மாத்தச் சொன்னேன். மாசம் பிறந்தா ஃபோன் பண்ணி, போட்டாச்சான்னு கேட்டுட்டு இருக்கேன்.