மாற்றத்தை வழிநடத்துதல்: திருப்பூர் சாயத்தொழில் தரும் பாடம்

பல்கலைக்கழகங்கள் தம் முன்னாள் மாணவர்களை அழைத்து, பொதுமக்கள் எவரும் கட்டணமின்றிக் கேட்கும்படி சொற்பொழிவு நடத்துவது நல்ல வழக்கம். ‘தொழிலில் மாற்றத்தை வழிநடத்துவது எப்படி?’ என்பது அத்தகைய மேடைகளுக்கு உரிய தலைப்பு. இது மேலாண்மை படிப்பவர்களுக்கான செய்தி, நமக்கென்ன என்று தோன்றலாம். திருப்பூர் மாவட்டத்தில் பணிபுரியும் எனக்கு இது வகுப்பறைச் செய்தி. என் மாணவர்களின் பெற்றோர் பலரும் நிட்டிங், சாயம், கட்டிங், தையல், செக்கிங் என்று பனியன் தொழிலின் ஏதோ ஒரு பிரிவில் வேலை செய்பவர்கள். அந்தத் தொழிலில் மாற்றம் வந்தால், அது எங்கள் வருகைப் பதிவேட்டிலும் தெரியும்.

எட்டுப் படிகள்

மாற்றம் பற்றிப் பேசுவோர் பலரும் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் பேராசிரியராக இருந்த ஜான் கோட்டரைக் குறிப்பிடுவார்கள். நிறுவனங்களின் மாற்ற முயற்சிகள் ஏன் தோற்கின்றன என்று 1995-ல் ஒரு கட்டுரையும், அதை விரித்து 1996-ல் ஒரு நூலும் எழுதினார். அவர் சொன்ன எட்டுப் படிகள்: அவசரத்தை உணர்த்துதல், வழிநடத்தும் குழுவை அமைத்தல், எங்கே போகிறோம் என்பதைத் தெளிவாக்குதல், அதை எல்லோருக்கும் எடுத்துச் சொல்லுதல், தடைகளை நீக்குதல், சிறு வெற்றிகளைக் காட்டுதல், அவற்றைக் கொண்டு மேலும் முன்னேறுதல், மாற்றத்தை அன்றாட வழக்கமாக்குதல்.

பட்டியலாகப் படித்தால் இது மனத்தில் தங்காது. நம் ஊரில் நடந்த ஒன்றோடு பொருத்திப் பார்த்தால் தங்கும்.

நொய்யலில் நடந்தது

பருத்தித் துணியில் சாயம் நன்றாகப் பிடிக்க, சாயக் குளியலில் நிறைய உப்பு சேர்க்க வேண்டும். சாயம் துணியில் ஏறும். உப்பு தண்ணீரிலேயே தங்கிவிடும். சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறிய இந்த உப்பு நீர் பல ஆண்டுகள் நொய்யலில் கலந்தது. பாசனத்துக்காகக் கட்டப்பட்டு 1992-ல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை, கழிவுநீர் தேங்கும் இடமாக மாறியது. கிணறுகள் கெட்டன, நிலம் உவர்ந்தது. கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றம் சென்றார்கள்.

2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத நிலையை அடையப் பட்டறைகளுக்குக் கெடு விதித்தது. கெடு கடந்தும் அந்த நிலை வரவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, அந்த நிலையை அடையும் வரை சாயப்பட்டறைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. சாயம் நின்றால் துணி இல்லை. துணி இல்லாவிட்டால் தையல் இல்லை. வேலையிழந்த குடும்பங்கள் சொந்த ஊர் திரும்பின. தேர்வு நெருங்கும் நேரத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த பெற்றோரை எங்கள் பகுதி ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அவசரம் மட்டும் போதுமா?

இங்கேதான் கோட்டரின் பட்டியல் உதவுகிறது. ஆபத்து எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஆற்றின் நிறமே அதைச் சொன்னது, நீதிமன்றமும் சொன்னது. ஆக, முதல் படியான அவசரத்துக்குக் குறைவில்லை. ஐந்தாம் படியான தடை நீக்கம்தான் நின்றுபோயிருந்தது.

அந்தத் தடை என்ன? கழிவுநீரை எதிர்ச் சவ்வூடுபரவல் முறையில் வடிகட்டினால் பெரும்பகுதி நல்ல நீராகத் திரும்பக் கிடைக்கும். உப்பு செறிந்த மிச்சநீர் ஒரு பங்கு நிற்கும். அதை முழுவதும் ஆவியாக்கி உப்பைப் பிரிப்பதே திட்டம். ஆவியாக்கும் இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. எரிபொருள் செலவும் மிக அதிகம். சிறு பட்டறைக்காரரிடம் ‘மாறு’ என்று எத்தனை முறை சொன்னாலும், மாறும் வழி அவர் கையில் இல்லை.

தீர்வு, மிச்சநீரைப் பார்க்கும் பார்வையில் இருந்தது. சாயமிடத்தான் உப்பு நீர் வேண்டுமே! அந்த மிச்சநீரின் பெரும்பகுதியைச் சுத்தப்படுத்திப் பட்டறைக்கே திருப்பி அனுப்பினால், ஆவியாக்க வேண்டிய அளவு வெகுவாகக் குறையும். புதிய உப்பு வாங்கும் செலவும் குறையும். பல்லடம் சாலையில் உள்ள அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையத்தில் இதைச் செய்து காட்டினார்கள். இது ஆறாம் படி: கண்ணால் பார்க்கக்கூடிய சிறு வெற்றி. 2011-ல் தமிழக அரசு பொது சுத்திகரிப்பு நிலையங்களுக்கு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. தனித்தனியே செய்ய முடியாததைப் பல பட்டறைகள் ஒரே நிலையத்தின் உறுப்பினர்களாகச் சேர்ந்து செய்தன. ஒவ்வொன்றாகப் பட்டறைகள் திரும்ப இயங்கின. இன்று திருப்பூரில் 18 பொது சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன.

எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற கேள்வி இருக்கிறது. திருட்டுத்தனமாகக் கழிவுநீரை விடுவோர் மீது நடவடிக்கை என்ற செய்தியும் அவ்வப்போது வருகிறது. பல ஆண்டுகள் பாழான நிலம் சில ஆண்டுகளில் தேறாது. எட்டாம் படியான வழக்கமாக்குதல் எவ்வளவு நீண்டது என்பதற்கு இதுவே சான்று.

பள்ளிக்கு இதில் என்ன இருக்கிறது?

மாற்றத்தை வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பலருக்கு வழி தெரியவில்லை, அல்லது வசதி இல்லை. திருப்பூரிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். இதைப் பள்ளியில் பொருத்திப் பாருங்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் குழந்தைகள் தமிழ் தெரியாமல் எங்கள் வகுப்புகளில் சேர்கிறார்கள். ‘அவர்களையும் படிக்க வைக்க வேண்டும்’ என்று கூட்டத்தில் வலியுறுத்துவது முதல் படி மட்டுமே. நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஆசிரியருக்கு எது தடை என்று கேட்பது அடுத்த வேலை. படச்சொல் அட்டைகளா? தினமும் அரை மணி நேரமா? அதே மொழி பேசும் மூத்த மாணவர் ஒருவரின் துணையா? அந்தத் தடையை ஒரு வகுப்பில் நீக்கி, மூன்று மாதத்தில் ஒரு குழந்தை தமிழில் வாசிப்பதை மற்ற ஆசிரியர்கள் பார்க்கும்படி செய்தால், அதுவே நமது அருள்புரம்.

நாமும் ஒரு சொற்பொழிவு நடத்தலாம்

பல்கலைக்கழகம் செய்வதை நம் பள்ளியும் செய்யலாம். நம்மிடம் படித்தவர்களில் சுத்திகரிப்பு நிலையத்தில் இயந்திரம் இயக்குபவர், சாய ஆய்வகத்தில் நிறம் பார்ப்பவர், சிறு தையலகம் நடத்துபவர் எனப் பலர் இருப்பார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலும் முன்னாள் மாணவர்களுக்கு இடம் உண்டு. அவர்கள் வழியாகவே ஒருவரை அழைக்கலாம். ஒலிபெருக்கியும் சால்வையும் வேண்டாம். ஒரு பாடவேளையும் மாணவர்களின் கேள்விகளும் போதும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களிடம் முன்கூட்டியே நான்கு கேள்விகள் கொடுத்துவிடுங்கள்: உங்கள் வேலையில் வந்த பெரிய மாற்றம் எது? முதலில் யார் தயங்கினார்கள், ஏன்? எதைப் பார்த்தபின் தயக்கம் போனது? அந்த மாற்றத்தால் யாருக்கு இழப்பு? நான்காவது கேள்வியை விட்டுவிட வேண்டாம். 2011-ல் மூடிய பட்டறைகள் எல்லாம் திரும்பத் திறக்கவில்லை என்பதையும், மூடும் முன்பே பயிரை இழந்தவர்கள் இருந்தார்கள் என்பதையும் மாணவர்கள் சேர்த்தே அறிய வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் சவ்வூடுபரவலையும், சமூக அறிவியல் ஆசிரியர் நீர் உரிமையையும், தமிழாசிரியர் நேர்காணல் எழுதுவதையும் இந்த ஒரு பாடவேளையோடு இணைத்துவிடலாம். நம் மாணவர்களில் பலர் நாளை இதே தொழிலுக்குள் போகப்போகிறவர்கள். அங்கே அடுத்த மாற்றம் வரும்போது, தடை எங்கே இருக்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்களாக அவர்கள் போகட்டும்.