பின்னேரத்துப் பாணும் சீஸும்

லைப்சிக்கில் வைத்தியசாலையில் படுத்தெழும்பிய நம்மவரைக் கேட்டால், சத்திரசிகிச்சையை விடப் பின்னேரச் சாப்பாட்டைப் பற்றித்தான் கூடுதலாகச் சொல்வார்கள். சூடான சாப்பாடு மத்தியானம் மட்டுந்தான். பொழுதுபட இரண்டு துண்டு பாண், சீஸ், வூர்ஸ்ட். ஜேர்மன் வீடுகளிலும் இதுவே வழக்கம், நம்மை அவமதிப்பதாக நினைக்கவேண்டாம்.

அதற்காகத் தட்டைத் தொடாமல் திருப்பி அனுப்பக்கூடாது. ஜேர்மனியில் 13 வைத்தியசாலைகளில் 1886 நோயாளிகளைப் பரிசோதித்து 2006இல் வெளியான ஆய்வு, நாலில் ஒருவருக்கு மேல் ஊட்டக்குறைவு இருப்பதைக் கண்டது. அப்படியானவர்கள் கூடுதல் நாட்கள் படுக்கையில் கிடந்தார்கள். காயம் ஆறப் புரதம் வேண்டும்.

ஆகவே அனுமதிக்கும் நாளிலேயே தாதியிடம் சொல்லிவிடுங்கள். 'ஃபெகெட்டாரிஷ்' என்றால் முட்டையும் வரும். அதுவும் வேண்டாமென்றால் 'ஓனே ஐயர்' என்று சேர்த்துச் சொல்லவேண்டும். மாட்டிறைச்சி மட்டும் ஆகாதென்றால் 'கைன் றின்ட்பிளைஷ்'. வயிற்றுக்கு இலகுவானது 'ஷோன்கொஸ்ட்'.

வீட்டிலிருந்து புட்டும் சொதியும் கொண்டுபோகும் அன்பு நமக்கே உரியது! ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். சீனி வியாதிக்காரருக்குச் சாப்பாட்டைப் பார்த்தே இன்சுலின் அளக்கிறார்கள். தெரியாமல் ஒரு நீத்துப் புட்டு உள்ளே போனால் கணக்குப் பிழைத்துவிடும். சிறுநீரக நோயாளருக்குத் தேங்காய்ப்பாலிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் ஆபத்தாகலாம்.

இன்னொன்று. பொதுக் கிராங்கன்காசையில் உள்ள 18 வயதுக்கு மேற்பட்டோர் நாளொன்றுக்கு 10 யூரோ, ஆண்டுக்கு 28 நாள் வரை கட்டவேண்டும். பலர் அதைச் சாப்பாட்டுக் காசு என்கிறார்கள். சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கட்டவேண்டியதுதான்.