யுனிற்றுக்குப் போகிறோம், பூனையை என்ன செய்வது?

சென்ற மாத உரை முடிந்த கையோடு வில்லாவுட்டிலிருந்து ஒரு தாய் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். பதினொரு வருடமாக இருந்த ஃபைப்ரோ வீட்டை வீட்டுக்காரர் விற்கிறாராம். வாங்குபவர் அதை இடித்துவிட்டு இரண்டு வீடு கட்டப் போகிறார். இவர்கள் வெஸ்ற்மீட்டில் மூன்றாம் மாடியில் ஒரு யுனிற் வாடகைக்குப் பார்த்திருக்கிறார்கள். கட்டில், அலுமாரி, ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் இடம் கண்டாயிற்று. இரண்டு பூனைகளுக்குத்தான் முடிவில்லை.

மூன்று வயதான சூட்டி பெண். மகள் குட்டியாகக் கொண்டுவந்தது. பகலில் வளவு, இரவில் மகளின் கட்டில். மற்றதற்குப் பெயரே இல்லை, கடுவன் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆறேழு வருடத்துக்கு முன் வேலி தாண்டி வந்தது. ஷெட்டுக்குக் கீழே படுக்கை. கடித்துக் கடித்து ஒரு காது பாதிதான் இருக்கிறது. தகப்பனார், "ரண்டையும் ஆருக்கும் குடுப்பம்" என்கிறார். மகள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. அம்மம்மாவோ, "நாய் ஆளோடை வரும், பூனை வீட்டோடைதான் நிக்கும். கொண்டு போனாலும் திரும்பி ஓடி வந்திடும்" என்று சொல்லிவிட்டார்.

சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். எங்கள் வீடுகளில் இது சின்ன விடயம் இல்லை. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களில் எத்தனை பேர் மாட்டை அவிழ்த்து விட்டுவிட்டு, நாயைத் துரத்திவிட்டு, பூனையைத் தேட நேரமில்லாமல் நடந்தோம். அந்த அம்மம்மா "திரும்பி ஓடி வந்திடும்" என்று சொன்னபோது அவர் எந்த வீட்டை நினைத்துச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அன்று எங்களுக்கு ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்கவில்லை. இந்தக் குடும்பத்துக்கு எட்டுக் கிழமை இருக்கிறது. எட்டுக் கிழமையில் நிறையச் செய்யலாம்.

முதலில் அம்மம்மாவின் சொல்லை எடுப்போம். அதில் பாதி உண்மை. பூனைக்கு இடம்தான் பெரிது. அது கதவு நிலையிலும் கதிரைக் காலிலும் எங்கள் முழங்காலிலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அன்பு ஒரு பக்கம் இருக்க, தன் மணத்தைப் பூசி "இது என் இடம்" என்று குறித்துவைக்கிற வேலையும் அதுதான். அந்த மணம் இல்லாத இடத்தில் விட்டால் அது பயப்படும், பழைய இடத்தைத் தேடும். ஒரு வளவிலிருந்து பக்கத்து ஊர் வளவுக்கு மாறி, அடுத்த நாளே கதவைத் திறந்துவிட்டால் அம்மம்மா சொன்னது நடக்கக் கூடும். மற்றப் பாதி என்னவென்றால், புது இடத்துக்கும் மணம் பூசலாம். அதற்கு நாள் வேண்டும். அது நடக்கும்வரை கதவு பூட்டியிருக்க வேண்டும்.

அடுத்த கேள்வி, வெளியில் திரிந்த பூனையை உள்ளே அடைப்பது பாவம் இல்லையா என்பது. நானும் ஒருகாலம் அப்படித்தான் நினைத்தேன். வெளியில் அதற்கு என்ன காத்திருக்கிறது என்று பாருங்கள்: வாகனம், நாய், மற்றக் கடுவன்களின் கடி. கடியால் பரவும் எஃப்.ஐ.வி. என்ற வைரஸ் சண்டைக்காரப் பூனைகளிடம் அதிகம். அது மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியை மெல்லத் தின்றுவிடும். பிறகு, பூனை பிடிக்கிற உயிர்களின் கணக்கு. வெளியில் திரிந்து வேட்டையாடும் ஒரு வளர்ப்புப் பூனை ஆண்டுக்குச் சராசரியாக 186 பிராணிகளைக் கொல்கிறது, அவற்றில் 110 இந்த நாட்டுக்கே உரிய பல்லி, குருவி, சிறு விலங்குகள் என்று 2020இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். "எங்கட பூனை ஒண்டும் பிடிக்கிறேல்லை" என்று சொல்லாதீர்கள். கொன்றதில் பெரும்பங்கை அது வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. கன்பராவில் 2022 ஜூலை 1ஆம் திகதிக்குப் பிறகு பிறந்த பூனைகளை வெளியில் திரிய விடவே கூடாது என்பது சட்டம். மெல்பேர்ணில் இது நகரசபைக்கு நகரசபை வேறுபடும். யாரா ரேஞ்சஸ் பகுதியில் 2014 முதல் இருபத்திநான்கு மணிநேரக் கட்டுப்பாடு இருக்கிறது. மெல்பேர்ண் நேயர்கள் தங்கள் நகரசபையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆகவே உள்ளே வைப்பது கொடுமை அல்ல. ஒன்றுமில்லாத அறையில் பூட்டி வைப்பதுதான் கொடுமை. ஏறி இருக்க ஒரு உயரமான தட்டு, நகம் கீற ஒரு கட்டை, வெளியே பார்க்க யன்னலோரம், ஒளிய ஒரு காட்போட் பெட்டி, நாளுக்கு இரண்டு தரம் பத்து நிமிட விளையாட்டு. இவ்வளவும் இருந்தால் பெரும்பாலான பூனைகள் பழகும். இளையது, இரவில் உள்ளே படுத்துப் பழகியது, ஆட்களோடு ஒட்டுவது சுகமாகப் பழகும். வயது போனது, ஒருநாளும் கூரைக்குக் கீழே படுக்காதது, கைபட்டால் சீறுவது கஷ்டப்படும். அதனால் "பூனைகளை என்ன செய்வது" என்று ஒரே கேள்வியாகக் கேட்காமல் சூட்டிக்கு ஒரு கேள்வி, கடுவனுக்கு ஒரு கேள்வி என்று பிரியுங்கள் என்றுதான் அந்தத் தாயிடம் சொன்னேன்.

விடை தெரிய ஒரு வழி இருக்கிறது. வீடு மாறிய பிறகு பார்ப்போம் என்று விடாமல், பழைய வீட்டிலேயே இன்றைக்குத் தொடங்குங்கள். முதல் கிழமை இரவில் மட்டும் உள்ளே. பிறகு பகலிலும். சாப்பாட்டை நேரத்துக்கு உள்ளே மட்டும் வையுங்கள். லிற்றர் தட்டுகள் பூனைகளின் எண்ணிக்கையை விட ஒன்று கூட இருக்கவேண்டும் என்பது மிருக வைத்தியர்கள் சொல்லும் கணக்கு: ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. இரண்டறை யுனிற்றில் மூன்று தட்டு எங்கே வைப்பது என்று இப்போதே யோசியுங்கள். குசினிக்குள் வைக்க முடியாது, சுவாமிப் படத்துக்குக் கீழே அம்மம்மா விடமாட்டார்!

முதல் சில நாள் கத்தும். கதவைப் பிறாண்டும். அதற்குப் பயந்து ஒருதரம் திறந்துவிட்டால், கத்தினால் கதவு திறக்கும் என்று அது படித்துவிடும். ஒரு மாதம் போன பிறகும் ஒரே இடத்தில் மயிர் உதிர நக்குவது, தட்டுக்கு வெளியே இருப்பது, நாள் முழுக்க ஒளிவது தொடர்ந்தால் அந்தப் பூனைக்கு யுனிற் சரிவராது என்று எடுக்கலாம். இரண்டு விடயத்துக்கு மாதம் காத்திருக்க வேண்டாம். ஒரு முழுநாளுக்கு மேல் ஒன்றும் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள், பட்டினி கிடக்கும் பூனையின் ஈரல் சில நாளிலேயே பழுதாகலாம். ஆண் பூனை தட்டில் முக்கி முக்கி மூத்திரம் வராமல் இருந்தால் அன்றைக்கே, இரவானாலும், கொண்டு போங்கள். அடைப்பு உயிரை எடுக்கும்.

இனிச் சட்டம். "யுனிற்றில் மிருகம் வைக்க விடாங்கள்" என்று எங்கள் ஆட்கள் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய கதை. சிட்னி டார்லிங்ஹேர்ஸ்ட்டில் ஹொரைசன் என்ற உயரமான கட்டடத்தில் ஆங்கஸ் என்ற சின்ன ஷ்னவுசர் நாயை வைத்திருந்த குடும்பம் வருடக்கணக்காக வழக்காடியது. 2020 ஒக்ரோபர் 12ஆம் திகதி நியூ சவுத் வேல்ஸ் மேன்முறையீட்டு நீதிமன்றம், எல்லா மிருகங்களையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் ஸ்ராட்டாத் துணைவிதி செல்லாது என்று தீர்த்தது. 2021இல் சட்டமும் அதற்கேற்ப மாறியது. நியாயமான காரணமின்றி ஸ்ராட்டா மறுக்க முடியாது. அந்த நாய் திறந்த கதவால்தான் எங்கள் பூனையும் இன்றைக்கு மாடி ஏறுகிறது.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு நியூ சவுத் வேல்ஸில் 2025 மே 19 முதல் புதிய விதி. அதற்குரிய படிவத்தில் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேட்கவேண்டும். அவர் 21 நாளுக்குள் பதில் தராவிட்டால் சம்மதம் என்றே கணக்கு. மறுப்பதானால் சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றைக் காட்டவேண்டும். பூனைக்கென்று மேலதிக பொண்ட் காசோ கூடிய வாடகையோ கேட்க முடியாது. விக்டோரியாவில் 2020 மார்ச் 2 முதல் இதைப் போன்ற உரிமை இருக்கிறது. அங்கே மறுக்க விரும்பும் வீட்டுக்காரர்தான் 14 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போகவேண்டும். எங்களில் பலருக்குப் படிவம் நிரப்பிக் கேட்பது என்றாலே ஒரு தயக்கம். கேட்டால் வீடு தரமாட்டார்கள் என்று பூனையை ஒளித்துக் கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். பரிசோதனைக்கு ஆள் வரும் ஒவ்வொரு முறையும் பூனையைக் காருக்குள் வைத்துக்கொண்டு தெருவில் சுற்றினார்கள். அது ஒரு சீவியமா?

மாடியில் பெரிய பயம் பல்கனியும் யன்னலும். நியூ சவுத் வேல்ஸ் ஸ்ராட்டாக் கட்டடங்களில் பிள்ளைகள் விழாமல் இருக்க, உயரத்தில் உள்ள யன்னல்கள் 12.5 சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காதபடி பூட்டு இருக்கவேண்டும். அந்த இடைவெளி பிள்ளைக்குக் காணாது, பூனைக்குக் காணும். உறுதியான வலை பூட்டிய யன்னலைத் தவிர வேறொன்றையும் திறக்காதீர்கள். பூனை விழுந்தாலும் காலில்தான் நிற்கும் என்பார்கள். நியூயோர்க்கில் மாடியிலிருந்து விழுந்து வைத்தியசாலைக்கு வந்த 132 பூனைகளைப் பற்றி 1987இல் ஒரு ஆய்வு வந்தது. பத்தில் ஒன்பது பிழைத்தன என்று எல்லோரும் சொல்வது அதிலிருந்துதான். விழுந்த இடத்திலேயே செத்தவற்றை ஒருவரும் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கமாட்டார்கள். பல்கனிக்கு வலை அடிப்பதானால் முதலில் ஸ்ராட்டாவையும் வீட்டுக்காரரையும் கேட்கவேண்டும்.

உள்ளேயே இருக்கும் பூனை எங்கள் சாப்பாட்டுக்கும் பங்குக்கு வரும். வெங்காயமும் உள்ளியும் சேர்ந்த கறி அதன் இரத்தத்தைக் கெடுக்கும். மீனைக் கொடுப்பதானால் உப்புப் புளி போடாமல் அவித்து, முள் எடுத்துக் கொடுங்கள். பூச்சாடியில் லில்லிப் பூ வைக்கவே வேண்டாம். அதன் மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வீட்டில் பிள்ளைத்தாச்சி இருந்தால் பூனையைக் கொடுத்துவிடச் சொல்வார்கள். அவசியமில்லை. டொக்ஸோபிளாஸ்மா என்ற கிருமி மலத்தில் வந்தாலும் தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். வேறொருவர் தட்டைத் தினமும் துப்புரவாக்கினால் போதும். சரியாக வேகாத இறைச்சியும் தோட்டத்து மண்ணும் அதே அளவுக்குக் கவனிக்க வேண்டியவை.

கொடுப்பதுதான் சரி என்று முடிவானால் யாருக்கு? கடுவனைப் போன்ற ஒன்றுக்கு நல்ல இடம் பல வேளைகளில் பக்கத்து வளவுதான். அதன் இடம் மாறாது, மணம் மாறாது. இந்தக் குடும்பம் விசாரித்தபோது பின்வீட்டு வியட்நாமிய அம்மா சிரித்தாராம். மூன்று வருடமாக மத்தியானச் சாப்பாடு அங்கேதான்! குருவிகளுக்கு இதில் லாபமில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். இரவில் கராஜுக்குள் அடைப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.

வாயால் கொடுத்தால் போதாது. தானாக வந்த பூனையை முதலில் மிருக வைத்தியரிடம் காட்டி மைக்றோசிப் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், அதைத் தேடிக்கொண்டிருக்கும் சொந்தக்காரர் ஒருவர் இருக்கக் கூடும். இல்லையென்றால் கைமாற முன் சிப் போட்டே ஆகவேண்டும், நியூ சவுத் வேல்ஸில் அது சட்டம். கருத்தடை செய்த பூனைக்குப் பதிவுக் கட்டணம் ஒரே ஒரு தரம்தான், ஓய்வூதியக்காரருக்குச் சலுகையும் உண்டு. கொடுத்த 14 நாளுக்குள் பதிவில் பெயரை மாற்றுங்கள். விளம்பரம் போடுவதானால் சிப் இலக்கத்தையும் போடவேண்டும். நியூரவுனில் உள்ள பூனைப் பாதுகாப்புச் சங்கம், ஆர்.எஸ்.பி.சி.ஏ. போன்றவற்றைக் கேட்கலாம், ஆனால் கடைசிக் கிழமையில் ஓடாதீர்கள். கைபடாத வயதான கடுவனுக்கு வீடு கிடைப்பது கடினம், அதை அவர்களிடம் நேரே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று மட்டும் கூடாது. "எங்கையும் சாப்பிட்டுக்கொள்ளும்" என்று வெறும் வீட்டில் விட்டுப் போவது இங்கே குற்றம்.

நேற்று அந்தத் தாய் மறுபடி எடுத்தார். கடுவனுக்குச் சிப் இல்லை, இப்போது போட்டாயிற்று. எஃப்.ஐ.வி. பரிசோதனையும் சுகம். வீடு இடிக்கும் நாட்களில் அதை உள்ளேயே வைத்திருக்கப் பின்வீட்டு அம்மா ஒத்துக்கொண்டார். சூட்டிக்கு உள்ளே பத்தொன்பதாம் நாள். கத்துவது நின்று யன்னலோரம் பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரருக்குப் படிவம் போய் ஒன்பது நாள், பதில் இன்னும் இல்லை. மகள் நாட்காட்டியில் இருபத்தோராம் நாளை வட்டம் போட்டு வைத்திருக்கிறாளாம். அம்மம்மா, தன் பழைய சேலை ஒன்றைச் சூட்டியின் பெட்டிக்குள் விரித்திருக்கிறார், வெஸ்ற்மீட்டுக்கு அதைத் தோய்க்காமல் கொண்டுபோகச் சொல்லி.