எடைக்குப் போடுமுன் வருடத்தைப் பாருங்கள்!

புனே ஜூனா பஜாரில் புதனும் ஞாயிறும் கால் வைக்க இடமிராது. பழைய ஸ்பானர், பித்தளை விளக்கு, ஓடாத கடிகாரம் இவற்றுக்கு நடுவே சாக்கு விரித்து வெள்ளி ரூபாய்களையும் பரப்பியிருப்பார்கள். கட்கியிலிருந்தும் தேஹு ரோடிலிருந்தும் வரும் நம்மவர்களில் சிலர் வாங்க வருவதில்லை, விசாரிக்க வருகிறார்கள். ஊரில் அம்மா முடிந்து வைத்திருந்த நாலைந்து ராணித்தலை ரூபாய். பெண்ணுக்குக் காலேஜ் பணம் கட்டவேண்டிய அவசரம். வெள்ளிக் கடைக்காரரோ தராசில் போட்டு எடைக்கு விலை சொல்லிவிடுவார். வருடம் பார்ப்பது அவர் வேலையல்ல.

பழையதானால் விலை கூடும் என்பது முதல் மயக்கம். விக்டோரியா ராணியின் 1840 ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வருடத்தைப் பொறித்தே 1861 வரை அச்சடித்துத் தள்ளினார்கள். ஆகவே அது மலிவு. ராணியின் பெயர் தலைக்கு மேல் தொடர்ந்து ஓடுகிறதா, இரு பக்கமாகப் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, சேகரிப்பவர்கள் அதிலேயே வகை பிரிப்பார்கள். 1862 என்று போட்டதும் அப்படியே, 1874 வரை வந்தது. அதில் புள்ளிகளை எண்ணுவார்கள். கண்ணாடி இல்லாமல் முடியாது.

1911 கதை வேறு. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் அங்கியில் தொங்கும் மாலையில் ஒரு யானை உண்டு. தும்பிக்கை குட்டையாகிப் போய், பார்ப்பவர் கண்ணுக்குப் பன்றியாகத் தெரிந்தது. முஸ்லிம்கள் மனம் புண்பட்டது. எஞ்சியவற்றை அரசு உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டது. ஆகவே 1911 கையில் இருந்தால் தராசுக்கு அனுப்ப வேண்டாம்.

அதைவிட அரிது ஆறாம் ஜார்ஜின் 1939. பம்பாய் நாணயச் சாலையில் அச்சானது. பெரும்பாலும் வெளியே வரவேயில்லை. இங்கேதான் மோசடியும். 1938 ரூபாய் தாராளமாகக் கிடைக்கிறது. அதன் 8இல் கீழ்வளையத்தின் இடப்பக்கத்தை அரத்தால் ராவினால் 9 ஆகிவிடும்! அந்த இலக்கத்தைச் சுற்றிக் கீறலோ பள்ளமோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். எடை 11.66 கிராம் இருக்க வேண்டும் என்றாலும், திருத்திய நாணயமும் ஏறக்குறைய அதே எடைதான் காட்டும்.

எடைக்கே போடுவதானாலும் வருடம் வேண்டும். 1939 வரை பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி; பத்தரை கிராமுக்குச் சற்று மேலே தேறும். 1940 முதல் பாதிதான், ஆறு கிராம்கூட வராது. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, வெறும் நிக்கல். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி ஒரே விலை பேசினால் யாருக்கு லாபம் என்று சொல்லவேண்டியதில்லை.

இன்னொன்று. விற்கப் போகிறோமே என்று நம் வீட்டுப் பெண்கள் புளியும் திருநீறும் போட்டுப் பளபளவென்று துலக்கிக் கொடுப்பார்கள். சேகரிப்பவருக்கு அது ஆகாது. விலை அப்போதே இறங்கிவிடும். காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்ததும் அப்படியே. கறுத்திருந்தாலும் தொடாமல், தனித்தனித் தாளில் மடித்து எடுத்துச் சென்று, குறைந்தது இரண்டு பேரிடமாவது காட்டிவிட்டு அப்புறம் தராசுக்குப் போகலாம்.