மேட்டில் தக்பீர், இறக்கத்தில் தஸ்பீஹ்: விடுமுறைச் சுற்றுலா செல்லும் குடும்பங்களுக்கு

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வேன் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளி, எல்ல, உடவளவ எனக் குடும்பத்தோடு புறப்படுவது நம் ஊர்களில் வழக்கமாகிவிட்டது. இது நல்ல விடயமே. பூமியில் பயணம் செய்து படைப்பைப் பற்றிச் சிந்திக்குமாறு ஸூரா அல்-அன்கபூத்தில் அல்லாஹ் பணிக்கின்றான். அதேவேளை, வேனில் ஏறும் ஒவ்வொரு உயிரும் குடும்பத் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும்.

2025 மே மாதம் கொத்மலை, கெரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் பலியாகினர். முதலாவது விபத்து விடிவதற்கு முன்னரும் அடுத்தது இரவிலும் நிகழ்ந்தன.

இறக்கத்தில் கவனம்

மேட்டில் ஏறும்போது தக்பீரும் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரழி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பிள்ளைகளுக்கு இந்த சுன்னத்தைப் பழக்க மலைநாட்டுப் பயணத்தை விடச் சிறந்த வாய்ப்பு இல்லை.

சாரதியோ தஸ்பீஹுடன் கியரையும் குறைக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் அது கடுமையாகச் சூடேறி, பிடிக்கும் சக்தியை இழக்கும். மேட்டில் ஏறும்போது போட்ட தாழ்ந்த கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வாகனத்தைப் பிடித்து வைக்கும். எரியும் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பிரேக் ஆறும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். இன்று பிரேக்கையும் டயரையும் புறப்படும் முன் சரிபார்ப்பதும் அந்தக் கட்டுதலில் அடங்கும்.

இஷாவுக்குப் பின் புறப்பட்டு, சுபஹுக்கு நுவரெலியா சேர வேண்டும் என்று சாரதியை அவசரப்படுத்துவோரும் உண்டு. பகல் முழுதும் வேலை செய்தவர் இரவு முழுதும் விழித்திருந்து ஓட்டுவது ஆபத்தானது. ஓட்டுபவரின் தூக்கத்துக்கும் பயணத் திட்டத்தில் நேரம் ஒதுக்குங்கள்.

அவையும் சமுதாயங்களே

இரவில் பாதையில் தங்க வேண்டாம், அது மிருகங்கள் செல்லும் வழி என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. புத்தல–கதிர்காமம், தணமல்வில–உடவளவ வீதிகளில் செல்வோருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். அங்கு யானைகள் வீதியோரம் வந்து நிற்பதற்கு நாம் நீட்டும் வாழைப்பழமும் ஒரு காரணம். உணவுக்குப் பழகிய யானை அடுத்த வாகனத்தை மறிக்கும். கொடுக்காவிட்டால் தாக்கவும் கூடும். இன்று நாம் கொடுக்கும் பழத்துக்கு நாளை இன்னொரு குடும்பம் விலை கொடுக்க நேரலாம். அதை ஸதகா என்று எண்ணிவிடக் கூடாது.

2010இல் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியே ஹோர்ட்டன் சமவெளி. அங்கு நுழைவாயிலில் பைகளைச் சோதித்து பொலித்தீனை அகற்றுவார்கள். உணவு வாடைக்காக மரைகள் பொலித்தீனையும் விழுங்கிவிடும் என்பதால் அச்சோதனைக்கு மனமுவந்து ஒத்துழைப்போம். விலங்குகளும் பறவைகளும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஸூரா அல்-அன்ஆம் கூறுகின்றது. வீதியில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஸதகா என்றால், அதைப் போட்டுவிட்டு வருவது என்னவென்று நாமே சிந்திக்கலாம்.

தொழுகை

ஷாபிஈ மத்ஹபில் இரண்டு மர்ஹலா தூரப் பயணத்தில் ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கலாம். ளுஹரை அஸருடனும் மஃரிபை இஷாவுடனும் சேர்க்கலாம். சுபஹுக்கும் மஃரிபுக்கும் சுருக்கம் இல்லை. இச்சலுகை இருக்கும்போது தொழுகைக்கு நேரமில்லை என்று வேகமாக ஓட்டத் தேவையில்லை.

மூவர் பயணித்தால் ஒருவரை அமீராக ஆக்குவது நபிவழி. வேனில் அந்தப் பொறுப்பை ஏற்பவர், சாரதி களைத்திருக்கிறார் எனக் கண்டால், யார் முணுமுணுத்தாலும் பயணத்தை நிறுத்தத் துணிய வேண்டும்.

நமது பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானதாகவும் படிப்பினை மிக்கதாகவும் ஆக்கியருள்வானாக. ஆமீன்.